ரோலர் சாமியின் தலவரலாறு

பக்கிரிசாமிக்கு வரலாறு ஒன்றும் தெரியாது. அவருக்குத் தெரிந்ததெல்லாம் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டுவதும், மலாய்க்காரர்களோடு பழகிப் பழகி வாயில் ஒட்டிக்கொண்ட மலாயும்தான். அந்த மலாய்தான் அவரை மாட்டிவிட்டது.

மலாயாவை ஜப்பான்காரன் பிடித்த புதிதில், கேடாவில் செர்டாங் பக்கத்தில் தோட்டத்தை ஒட்டியிருந்த அந்தச் சின்ன டவுனுக்கு, ஒகாவா என்ற ஜப்பான் அதிகாரி வந்து சேர்ந்தான். ஆள் குட்டை, இடுப்பில் தொங்கிய வாள் நெட்டை. பழங்கதை என்றால் அவனுக்கு உயிர். மலாய் பேசத் தெரிந்தவர் என்று பக்கிரிசாமியைப் பிடித்துக்கொண்டு வந்து, தபாலாபீஸ் முன்னால் சாய்ந்து நின்ற விளக்குக் கம்பத்தைக் காட்டி, ஏன் சாய்ந்தது என்று கேட்டான்.

"தெரியாது, துவான்."

விழுந்தது ஓர் அறை. காதுக்குள் வண்டு புகுந்தது போல ரீங்காரம்.

மறுநாள் நின்றுபோன மணிக்கூண்டைக் காட்டினான். வெள்ளைக்காரன் ஓடிப்போன பிறகு அதற்குச் சாவி கொடுக்க ஆளில்லை, அவ்வளவுதான். ஆனால் பக்கிரிசாமியின் கன்னம் இன்னும் வீங்கியிருந்தது. "துவான், நீங்க வர்ற செய்தி கேட்ட நிமிஷம் மரியாதைக்கு நின்னுச்சு. இன்னும் அசையலே" என்றார். ஒகாவா மணிக்கூண்டுக்கு சல்யூட் அடித்தான். பக்கிரிசாமிக்கு ஒரு சிகரெட் கிடைத்தது.

அதற்குப் பிறகு ஊரில் கதையில்லாத பொருளே இல்லை என்றாயிற்று. விளக்குக் கம்பத்தில் ஒரு யானை முதுகு சொறிந்தது. சீனன் கடைக் கிணற்றில் ஓர் இளவரசி மோதிரத்தைப் போட்டுவிட்டு அழுதாள், அதனால்தான் தண்ணீர் உப்பு. தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்து ஜனங்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

"அண்ணே, எங்க வீட்டு ஆட்டுக்கல்லுக்கும் ஒரு கதை சொல்லுங்களேன்லா" என்று பக்கத்து வீட்டு ராமையா சீண்டுவான்.

சிரிக்க முடிந்ததெல்லாம் ஜப்பான் படைக்கு இரும்பு பொறுக்க லாரி வரும் வரைதான்.

சடக்கு முனையில் பழைய ரோலர் வண்டி ஒன்று கிடந்தது. சடக்கு, அதாவது சாலை, போட வந்த வெள்ளைக்காரன் விட்டுவிட்டு ஓடியது. அதன் கரியடுப்பு வயிற்றுக்குள் லயத்து ஜனங்களின் நெல் இருந்தது. மூக்குத்தி, தோடு, கலியாணச் சேலை எல்லாவற்றையும் கொடுத்து, பெண்டாங் பக்கத்திலிருந்து ராமையா கொண்டுவந்த நெல். வீட்டில் வைத்தால் ஜப்பான்காரன் அள்ளிப் போவான், பதுக்கியதாகத் தெரிந்தால் தலை போகும். பக்கிரிசாமியின் மகள் புஷ்பவள்ளி பிள்ளை பெற்றுப் படுத்திருந்தாள். மரவள்ளிக்கிழங்கையே தின்று தின்று அவளுக்குப் பால் ஊறவில்லை. இரண்டு வாய் அரிசிக் கஞ்சி போதும் என்று மருத்துவச்சி சொல்லியிருந்தாள். அடுத்த நாள் நெல்லை எடுத்துக் குத்துவதாக ஏற்பாடு.

லாரியோ இன்றைக்கே வந்துவிட்டது. ஆட்கள் சங்கிலியை எடுத்தார்கள். பக்கிரிசாமியின் மனைவி காளியம்மா நெஞ்சில் கை வைத்தபடி நின்றாள்.

ஒகாவா ரோலரைச் சுற்றி வந்தவன், சட்டென்று நின்றான். உருளையில் சந்தனம், குங்குமம். கழுத்தில் காய்ந்த எலுமிச்சை மாலை. நம் ஜனங்கள் ஆயுத பூசைக்குப் பால்கத்தியிலிருந்து கக்கூஸ் வாளி வரைக்கும் பொட்டு வைக்கிறவர்கள். ரோலரை மட்டும் விட்டுவிடுவார்களா?

"ஆப்பா இனி? இது என்ன?" என்றான்.

பக்கிரிசாமிக்கு நாக்கு தானாகப் புரண்டது. "இது வண்டியில்லே துவான், சாமி! இந்தச் சடக்கு போட்ட பெரியவரு இதுக்கு அடியிலேதான் அடங்கியிருக்காரு. இதை நகர்த்தினா சடக்கு பாயைச் சுருட்டுற மாதிரி சுருட்டிக்கும். உங்க லாரி ஊர் போய்ச் சேராது."

ஒகாவாவின் கண் கலங்கிவிட்டது. இடுப்பு வரை குனிந்து வணங்கினான். எல்லாரும் குனிந்தார்கள். லாரி வெறுமனே திரும்பிப் போனது. காளியம்மா புருஷனைப் பார்த்த பார்வையில், கலியாணமான நாளில்கூட இல்லாத பெருமை!

மறுநாள் விடியும்போது ரோலரைச் சுற்றி முள்கம்பி வேலி. வாசலில் துப்பாக்கியோடு ஒரு சிப்பாய். சாமிக்குக் காவலாம்.

"சாமி, சாமின்னு சொல்லி நம்ம சோத்தைக் கோயிலுக்குள்ள வச்சிப் பூட்டிட்டியேய்யா" என்றாள் காளியம்மா. "உன் வாயிலே கொள்ளி வைக்க!"

பாவம், அவர் என்ன செய்வார்? ஒகாவாவிடம் போய், வெள்ளிக்கிழமைகளில் பெண்கள் மட்டும் கிட்டே போய்க் கும்பிட வேண்டும், ஆண் வாடை ஆகாது என்று சொல்லிப் பார்த்தார். ஒகாவா யோசித்தான். அப்படியானால் சாமியை யாருமே நெருங்காமல் இருப்பதுதான் மரியாதை என்று சொல்லி, வேலியை இன்னும் தள்ளிப் போடச் செய்தான்.

மழை பிடித்துக்கொண்டது. கேடாவில் மழை பிடித்தால் லேசில் விடுமா? புஷ்பவள்ளியின் பிள்ளை அழுது அழுது குரல் கம்மிப்போனது. பக்கிரிசாமி தினமும் வேலிக்கு வெளியே நின்று குனிந்து வணங்கிவிட்டு வருவார். மகள் சாப்பிட வேண்டியது கண்ணுக்கு எதிரேதான் இருந்தது.

ஒருநாள் சிப்பாய் வந்து அவரை இழுத்துக்கொண்டு போனான். துருப்பிடித்த அடுப்புக் கதவின் இடுக்கிலிருந்து பச்சைப் பசேலென்று நாற்று எட்டிப் பார்த்தது. ஒகாவா வாய் பிளந்து நின்றான்.

உண்மையைச் சொன்னால் லயமே காலி. பக்கிரிசாமி கண்ணை மூடிக்கொண்டார். "பிள்ளை பெத்தவங்களுக்குச் சாமி குடுக்கிற பிரசாதம், துவான். கதவைத் திறந்து உள்ளே இருக்கிறதை எடுத்துக் குடுத்தா..."

"திறப்பதா? சாமியின் வயிற்றையா?" ஒகாவா பதறினான். வெளியே நீட்டியதை மட்டும் வாளால் பூப்போல அறுத்தான். இடுக்குகளை மண் வைத்துப் பூசச் சொன்னான். பிறகு நாற்றை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு லயத்துக்கே நடந்து வந்தான்.

புஷ்பவள்ளி எழுந்து உட்கார்ந்து வாங்கிக்கொண்டாள். அவன் போகவில்லை. பிரசாதம் பலிப்பதைப் பார்க்க வாசலிலேயே நின்றான்.

"தின்னும்மா" என்றார் பக்கிரிசாமி, மகள் முகத்தைப் பார்க்காமல்.

அவள் ஒரு பிடியை வாயில் போட்டு மென்றாள். பச்சைச் சாறு கடைவாயில் வழிந்தது. காளியம்மா முந்தானையால் துடைத்துவிட்டாள்.

"பாகுஸ்? நன்றாக இருக்கிறதா?" என்று கேட்டான் ஒகாவா.

"பாகுஸ், துவான்" என்றாள் புஷ்பவள்ளி. ஏணையில் பிள்ளை அழுதுகொண்டிருந்தது. ஒகாவா சிரித்துக்கொண்டே தலையசைத்து, இன்னொரு பிடி எடுத்துக்கொள்ளும்படி அவளுக்குக் கை காட்டினான்.