சாப்பிட்ட பிறகு சொல்லவேண்டியது

சனிக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்குக் கொழும்பிலிருந்து வந்த அழைப்பு பாக்கியராசாவின் தலையில் விழுந்தது. அது எண்பத்தாறாம் ஆண்டு செப்டெம்பர். டொரொன்டோவில் சாமித்தம்பி வாடகைக்கு இருந்த நிலக்கீழ் அறையில் போன் இல்லை. அவனுக்கு ஊரிலிருந்து வருகிற நல்லது கெட்டது எல்லாம் கூட்டாளி பாக்கியராசாவின் வீட்டுக்குத்தான் வரும். இரைச்சலுக்கு நடுவே சாமித்தம்பியின் மாமா சொன்னது இவ்வளவுதான்: அன்புராசாவை வயலில் வைத்துச் சுட்டுவிட்டார்கள், வியாழக்கிழமையே அடக்கமும் முடிந்துவிட்டது. அன்புராசா சாமித்தம்பியின் ஒரே தம்பி. ஊர் வீட்டில் தாயும் அவனும்தான். இருபத்திரண்டு வயது.

போனை வைக்கும் முன் மாமா ஒன்று சொன்னார்.

"சாப்பிட வச்சிட்டுச் சொல்லு மகன். வெறுவயித்தில சொல்லிப்போடாத."

ஊர் வழக்கம் அது. இழவுச் செய்தி காதில் விழுந்த பிறகு எவனுக்குச் சோறு இறங்கும்? அதனால் சொல்லப் போகிறவன் முதலில் சாப்பிட்டாயா என்று கேட்பான். இல்லையென்றால் ஊட்டாத குறையாகச் சாப்பிட வைத்துவிட்டு மெல்லத் தொடங்குவான். நல்ல வழக்கம்தான். ஆனால் அதை உண்டாக்கிய புண்ணியவான்கள் ஒருவரும் டொரொன்டோவில் சனிக்கிழமை மத்தியானம் கடை கடையாகத் திரிந்தவர்கள் இல்லை.

அஜின்கோர்ட்டில் சாமித்தம்பியின் கதவைத் தட்டி, "சாப்பிட்டியா மச்சான்?" என்று பாக்கியராசா கேட்டான். சாமித்தம்பி அவன் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தான். இன்னும் இல்லை என்றான். அறையில் காய்ந்த பாண் ரொட்டியைத் தவிர ஒன்றும் இல்லை. வா, டவுணுக்குப் போவோம், வந்து இரண்டு வருடமாக இந்த ஊரை நான் வாய் வைத்துப் பார்க்கவில்லை என்று சொல்லிக்கொண்டே சாமித்தம்பி சட்டையை மாட்டினான். பக்டரி, வழக்கறிஞர் கந்தோர், கட்டில் என்று கிடந்த மனிதன் திடீரென்று மாப்பிள்ளை மாதிரிப் புறப்பட்டதைப் பாக்கியராசா வாசலில் நின்று பார்த்தான். முதல் கடையில் வயிறு நிறையச் சாப்பிடட்டும், சொல்லிவிடலாம் என்று நினைத்துக்கொண்டு கூடப் போனான்.

முதல் கடை டான்போர்த்தில் ஒரு கிரேக்கக் கடை. கம்பியில் குத்திச் சுட்ட இறைச்சியின் புகை வீதி முழுக்க அடித்தது. வெயிலில் நின்றால் சுட்டது, நிழலில் நின்றால் குளிர்ந்தது. சனமெல்லாம் கடைசி வெயிலை வீணாக்க மனமில்லாமல் வெளியே மேசை போட்டுக் குந்தியிருந்தது. சாமித்தம்பி இரண்டு கம்பி இறைச்சியும் ரொட்டியும் முடித்து விரலையும் நக்கினான். பாக்கியராசா தொண்டையைச் செருமினான். அதற்குள் அவன் எழும்பிவிட்டான். இது வெறும் தொடக்கம், சீனக் கடையில் சூப் குடிக்க வேண்டும் என்றான்.

ஸ்படைனா வீதியில் சுட்ட முழு வாத்துகள் தொங்கிய கண்ணாடிக்குப் பின்னால் குந்தி நூடில்ஸ் சூப் குடித்தார்கள். வெட்கக்கேடு, அந்தச் சூப் பாக்கியராசாவுக்கும் ருசித்தது. இரண்டாவது கரண்டியில் அது மனதில் உறைக்க, தன் நாக்கை அறுத்துப் போடலாம் போலிருந்தது. சூப் முடியச் சொல்வோம் என்று பார்த்தால், பக்கத்துச் சந்தையில் ஒரு ஜமெய்க்காக்காரன் பெரிய ஸ்பீக்கரை வாசலில் வைத்துப் பாட்டுப் போட்டிருந்தான். சாமித்தம்பி அவனிடம் காரமான இறைச்சிப் பற்றிஸ் வாங்கிக் கையில் வைத்துக்கொண்டே ஆடினான். யாரோ ஒரு கிழவி கைதட்டினாள். ஊரில் தாய் மூன்று நாளாகத் தண்ணீர்கூடக் குடித்திருப்பாளோ என்னவோ, இவன் நடுவீதியில் ஆடுகிறான். பாக்கியராசாவுக்கு அவன்மேல் கோபம் கோபமாக வந்தது. விஷயம் தெரியாதவன் ஆடினால் அதற்குத் தான் ஏன் கோபிக்க வேண்டும் என்று பிறகு தன்மேலேயே கோபப்பட்டான்.

சொன்னால் மட்டும் என்ன நடந்துவிடப் போகிறது? சாமித்தம்பியின் அகதி வழக்கு இன்னும் முடியவில்லை. இப்போது நாட்டை விட்டுப் போனால் திரும்பி வர முடியாது. போகத்தான் கடவுச்சீட்டு எங்கே? அடக்கம் முடிந்த பிறகு கொள்ளி வைக்கவும் வழி இல்லை, பிடி மண் போடவும் வழி இல்லை. அழுவான், அவ்வளவுதான். அந்த அழுகையை இரண்டு மணித்தியாலம் தள்ளிப்போடுவது தவிரப் பாக்கியராசாவின் கையில் வேறொன்றும் இருக்கவில்லை.

பொழுது சாயக் குயின் வீதியில் ஒரு மதுக்கடைக்குள் போனார்கள். மேடையில் ஒருவன் கண்ணை மூடிக்கொண்டு சாக்சபோன் ஊதினான். இனியும் பொறுக்க முடியாது என்று பாக்கியராசா சாமித்தம்பியின் காதுக்குள் குனிந்து, ஒரு விஷயம் சொல்ல வேண்டும் என்றான். சாமித்தம்பி மேடையை விட்டுக் கண்ணை எடுக்காமல், பாட்டு முடியட்டும் என்றான். அந்தப் பாட்டு முடிய அடுத்தது தொடங்கியது. அதுவும் முடிய, ஏரிக்கரையில் இலவசக் கச்சேரி நடக்கிறதாம், வா என்று இழுத்துக்கொண்டு நடந்தான்.

ஏரிக்கரையில் விளக்குகள் ஏற்றியாகிவிட்டது. குழந்தைகளும் காதலர்களுமாகப் புல்தரை நிறைந்திருந்தது. சாமித்தம்பி ஒரு ஐஸ்கிரீம் வாங்கி வந்து புல்லில் குந்தினான். ஒரு வாய் வைத்தான். அதை விழுங்க முடியாமல் நெடுநேரம் வாய்க்குள்ளேயே வைத்திருந்தான்.

"எனக்கு இனி இறங்காது மச்சான்," என்றான். "சொல்லு. அம்மாவா, தம்பியா?"

பாக்கியராசா அவன் பக்கம் திரும்பினான். எப்போது தெரியும் என்று கேட்டான்.

"வாசல்ல நிண்டு சாப்பிட்டியா எண்டு கேட்டாயே, அப்பவே. நம்மட இரத்தினவேலுக்கு அவன்ட அப்பா செத்ததச் சொல்லக்குள்ள நாம ரெண்டு பேரும் இப்பிடித்தானே கோழிக்கறி வாங்கிக் குடுத்த? ஒரு ஆள் இல்ல எண்டு விளங்கிட்டு. ஆரெண்டுதான் தெரியல்ல. நீ சொல்லுமட்டும் ரெண்டு பேரும் இருக்காங்கதானே. அதுதான் திண்டுகொண்டே இருந்தன்."

ஐஸ்கிரீம் உருகி அவன் மணிக்கட்டு வரைக்கும் வழிந்தது. மேடையில் யாரோ பகிடி சொல்ல, சனம் சிரித்தது. பாக்கியராசா நாள் முழுக்க எத்தனையோ விதமாகச் சொல்லிப் பார்த்து வைத்திருந்த சொற்களில் ஒன்றுகூட இப்போது வரவில்லை.

"தம்பி," என்றான்.

சாமித்தம்பி அடக்கி வைத்திருந்த மூச்சை விட்டான்.

"அப்ப அம்மா இருக்கா," என்றான்.

சொன்ன பிறகுதான் தான் சொன்னது என்னவென்று அவனுக்கே கேட்டது. ஐஸ்கிரீம் வழிந்த கையாலேயே வாயைப் பொத்திக்கொண்டான். அதையும் மீறி அவனிடமிருந்து வந்த சத்தத்துக்குப் புல்தரையில் இருந்த சனமெல்லாம் திரும்பிப் பார்த்தது.