கேட்க ஆள் இல்லாதவர்களுக்கு

கிஸ்லேன் பட்டாணி சூப்பில் ரொட்டியைத் தோய்த்துக்கொண்டிருந்தபோது இயக்குநர் துஃப்ரேன் படியிறங்கி வந்தார். மாண்ட்ரியலில் அந்தப் பல்கலைக்கழகத்தின் கணினி மையத்தில் நான் வேலைக்குச் சேர்ந்து ஐந்து வருடமாகியிருந்தது. அவர் கீழ்த்தளத்துக்கு வந்து நான் பார்த்ததே இல்லை. பூட்ஸிலிருந்து உருகிய பனி, வந்த வழியெல்லாம் தரையில் சொட்டியிருந்தது.

"நம்ம கம்ப்யூட்டர் லைன்ல பாதியை யாரோ தின்னுட்டிருக்காங்க. காலையில இருந்து சாயங்காலம் வரைக்கும் எவனெவனோ வெளியூர்ல இருந்து உள்ள வந்துட்டுப் போறான். யார் வேலை இது?"

"என் வேலைதான் சார்," என்றாள் கிஸ்லேன். ரொட்டியைக் கீழே வைக்கவில்லை.

அது 1991, பிப்ரவரி. உலகத்தில் பல பல்கலைக்கழகங்கள் தங்களிடமிருந்த புரோகிராம்களையும் ஆய்வுக் கணக்குகளையும் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும் என்று கணினிகளில் திறந்து போட்டிருந்தன. ஆனால் எந்த ஊரில் எது கிடக்கிறது என்று யாருக்கும் தெரியாது. ஒரு பேராசிரியர் இன்னொரு பேராசிரியருக்கு எழுதிக் கேட்பார், அவருக்குப் பதில் வரும். கிஸ்லேன் டேப் மாட்டும் வேலைக்கு வந்தவள். பட்டம் கிடையாது. ஒருமுறை அவளுக்கு ஒரு சின்ன புரோகிராம் தேவைப்பட்டுப் பதினோரு பேருக்கு எழுதினாள். ஒருவர்தான் பதில் போட்டார், உங்கள் பேராசிரியரை விட்டுக் கேட்கச் சொல்லுங்கள் என்று. அந்தக் கடிதத்தை என்னிடம் காட்டியபோது அவள் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள். ஆனால் கழுத்து சிவந்திருந்தது.

மறுநாளே எழுத உட்கார்ந்துவிட்டாள். அவள் எழுதிய புரோகிராம் மாதம் ஒருமுறை ஒவ்வொரு ஊரின் கணினிக் கிடங்காகப் போய்க் கதவைத் தட்டும். உள்ளே என்னென்ன இருக்கிறது என்ற பட்டியலை மட்டும் வாங்கிக்கொண்டு வரும். அப்புறம் யார் வேண்டுமானாலும் எங்கள் கணினிக்குள் வந்து ஒரு கோப்பின் பெயரை அடித்தால், அது எந்த ஊரில், எந்த இடத்தில் இருக்கிறது என்று சொல்லிவிடும். கடவுச்சொல் வேண்டாம், சிபாரிசு வேண்டாம். முதல் வாரம் நான்கு பேர் வந்தார்கள். அந்தக் குளிர்காலம் வருவதற்குள் நாள் முழுக்க வந்துகொண்டே இருந்தார்கள். ஐஸ்லாந்திலிருந்து பார்வையற்றோர் பள்ளி ஆசிரியை ஒருத்தி எழுதியிருந்தாள். பாடங்களைப் புள்ளி எழுத்தில் அச்சடிக்கும் புரோகிராம் ஒன்று நியூசிலாந்தில் யாரும் தொடாமல் கிடந்ததாம். அதைத் தேட அவளுக்கு ஆறு நிமிடம்தான் ஆனதாம்.

"யாரைக் கேட்டு செஞ்சே?" என்றார் துஃப்ரேன்.

"யாரையும் கேக்கல. கேட்டா வேணாம்னுதானே சொல்லியிருப்பீங்க?"

"வெள்ளிக்கிழமைக்குள்ள நிறுத்திடு."

"எழுத்துல குடுங்க சார். கீழ உங்க கையெழுத்தும் வேணும். உள்ள வர்றவங்க கண்ணுல மொதல்ல அதுதான் படற மாதிரி போட்டுடறேன். எதனால நின்னுச்சுன்னு அவங்களுக்கும் தெரியணும் இல்லையா?"

துஃப்ரேன் படியை நோக்கித் திரும்பினார். "உன் ஒப்பந்தம் மே மாசத்தோட முடியுது. ஞாபகம் இருக்கட்டும்."

"இருக்கு சார். சூப் ஆறுது."

வியாழக்கிழமை என்னை மாடிக்குக் கூப்பிட்டார். காபி கொடுத்தார். "ரெயால், நீ பொறுப்பான பையன். பொண்டாட்டி மாசமா இருக்கான்னு கேள்விப்பட்டேன். அந்தப் பொம்பளைக்குத் திமிர். நீயே நிறுத்திடு. அவளுக்கு அப்புறம் சொல்லிக்கலாம்." நான் தலையாட்டினேன். எனக்குத் தலையாட்ட மட்டும்தான் தெரியும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. அதை நினைக்க நினைக்கப் படியிறங்கும்போது காதெல்லாம் சுட்டது.

கிஸ்லேன் சாப்பிடப் போயிருந்த நேரம் பார்த்து அவள் நாற்காலியில் உட்கார்ந்தேன். கணினிக்குள் அப்போது பதினாறு பேர் தேடிக்கொண்டிருந்தார்கள். நார்வேயிலிருந்து ஒருவர், ஆஸ்திரேலியாவில் பெர்த்திலிருந்து இரண்டு பேர், போலந்து மாதிரி தெரிந்த ஓர் இடத்திலிருந்து ஒருவர். அந்த ஆள் ஒரு பெயரைத் தப்பாக அடித்து, அழித்து, மறுபடியும் அடித்தார். மூன்றாவது தடவை விடை போனது. அவர் நன்றி என்று அடித்தார். கணினிக்கு அது புரியவில்லை, அப்படி ஒரு கோப்பு இல்லை என்றது. நான் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்குத் துஃப்ரேன் வந்தார். "நிறுத்தியாச்சா?"

"இல்ல சார். அந்த மெஷினோட பாஸ்வேர்ட் மறந்துபோச்சு."

கிஸ்லேன் சட்டென்று திரும்பி என்னைப் பார்த்தாள். அந்தப் பாஸ்வேர்டைத் தினம் பத்துத் தடவை அடிப்பவன் நான்.

"ரெண்டு பேரும் சேர்ந்துக்கிட்டீங்களா? சரி. பிளக்கைப் பிடுங்க எனக்குத் தெரியாதா?" என்று அவரே இயந்திர அறைக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனார். நாங்களும் பின்னால் போனோம். உள்ளே ஒரே மாதிரி சாம்பல் நிறத்தில் நாற்பது கணினிப் பெட்டிகள் இரண்டு வரிசையாக நின்றன. ஒன்றிலும் பெயர் கிடையாது. மின்விசிறிகளின் இரைச்சலில் அவர் கத்த வேண்டியிருந்தது.

"எது?"

கிஸ்லேன் கதவில் சாய்ந்துகொண்டாள்.

"எதுன்னு கேக்கறேன்!"

"தேடிப் பாருங்க சார்," என்றாள் கிஸ்லேன். "பாத்து, பதமா பிடுங்குங்க. இதுல ஒண்ணுலதான் துணைவேந்தரோட கடிதம் பூரா இருக்கு. இன்னொண்ணுல மாணவர்களோட மார்க்கு."

"ரெயால், நீ சொல்லு!"

நான் இரண்டு வரிசையையும் ஒருமுறை பார்த்தேன். "எனக்கும் எல்லாம் ஒரே மாதிரிதான் தெரியுது சார்."

அவர் குளிர்கோட்டைக்கூடக் கழற்றவில்லை. ஒவ்வொரு பெட்டியாகக் குனிந்து பார்த்துக்கொண்டே போனார். நெற்றியில் வியர்த்திருந்தது. இரண்டாவது வரிசையின் கோடியில் ஒரு பெட்டிக்குப் பின்னால் மண்டியிட்டு, தடித்த கறுப்பு வயர் ஒன்றைப் பிடித்துக்கொண்டு எங்கள் முகத்தைப் பார்த்தார். கிஸ்லேன் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றாள். நான் அவள் பக்கத்தில் போய் நின்றுகொண்டேன். அவர் பிடித்த பிடியை விடவுமில்லை, இழுக்கவுமில்லை. அவர் தலைக்கு மேலே, இரண்டு வரிசையிலும், எந்த ஊரிலிருந்தோ யாரோ எதையோ கேட்கக் கேட்க, பச்சை விளக்குகள் விட்டு விட்டு எரிந்துகொண்டிருந்தன.