ஞாயிற்றுக்கிழமை முட்டைகள்

காலையிலிருந்து பதினேழு முட்டை. பதினேழிலும் திரையில் கோடு நேராகவே ஓடியது. கணினியைத் தூக்கிப் போட்டு உடைக்க வேண்டும்போல் இருந்தது எனக்கு.

நரம்பணு ரசாயனத்தை எப்படி வெளியே விடுகிறது என்பதுதான் எங்கள் ஆராய்ச்சி. நரம்பணு பொடிசு, ஊசிக்கு அகப்படாது. தவளை முட்டை கடுகளவாவது இருக்கும். எலி மூளையிலிருந்து எடுத்த ஆர்என்ஏவை அதற்குள் செலுத்தினால் அதுவும் நரம்பணுபோல ரசாயனத்தை விடும். விட்டால், முட்டையில் செருகிய மின்முனை அதைப் பிடித்து, திரையில் கோடு துள்ளும். மூன்று மாதமாகத் துள்ளியது. ஊசி போடாத வெறும் முட்டைகள் துள்ளவே இல்லை. வார நாட்களில் ஊசி போட்டவை, ஞாயிறுகளில் வெறும் முட்டைகள் என்று என் வசதிக்குப் பிரித்துக்கொண்டிருந்தேன். இன்றுதான் முதல் தடவையாக ஊசி போட்டவற்றை ஞாயிறில் வைத்தேன்.

"முட்டைக்கும் ரெஸ்ட் டே லா, முனீரா" என்று போனில் சிரித்தார் ஆய்வகத் தலைவர் கேசவன் சார். நாளை மதியம் ஒரு மணிக்குக் கட்டுரையை அனுப்புகிறார். அது போனால்தான் என் வேலை நீடிக்கும். இல்லையென்றால் மாதக் கடைசியில் பெட்டி கட்ட வேண்டியதுதான்.

எரிச்சலோடு தேக்கா உணவங்காடிக்குச் சாப்பிடப் போனேன். எதிரே உட்கார்ந்திருந்தவர் என் கழுத்தில் தொங்கிய பல்கலைக்கழக அட்டையைப் பார்த்துவிட்டுப் பேச்சுக் கொடுத்தார். கதிரேசன் என்று பெயர்.

"ஒங்க கேம்பஸ் பின்னாடிதான் மேடம் எங்க சைட்டு. எம்ஆர்டி ரயிலுக்குப் பைலிங், பெரிய சுத்தியலால தூண அடிச்சு எறக்குறோம். ஒவ்வொரு அடிக்கும் தரையே குதிக்கும்."

"இன்னைக்கும் அடிக்கிறாங்களா?"

"ஞாயித்துக்கிழமையா? சத்தம் போடக்கூடாதுல்ல. அதான் இங்க உக்காந்து சாப்புடுறேன்."

தோசையைக் கீழே வைத்தேன். மூன்று மாதமாக நான் அளந்தது முட்டையை அல்ல, இவருடைய சுத்தியலை. அவர்மேல் கோபம்கூட வந்தது, அநியாயமாக.

"மத்த நாள்ல எப்ப நிறுத்துவீங்க?"

"பன்னெண்டுலேருந்து ஒண்ணு வரைக்கும் லன்ச்சு, மேடம்."

மறுநாள் காலை கேசவன் சாரிடம் சொல்லிவிட்டேன். கட்டுரையை ஒருமுறை புரட்டினார். பிறகு, "ஒரு மணி வரைக்கும் வெயிட் பண்றேன். ஒரே ஒரு துள்ளல் காட்டு" என்றார்.

பன்னிரண்டுக்கு அடி நின்றது. ஒன்று, இரண்டு, ஆறு முட்டை. கோடு நேராகவே போனது. பன்னிரண்டு ஐம்பத்தைந்துக்கு, ஏழாவதில், துள்ளியது.

திரையை நம்பாமல் ஜன்னலுக்கு ஓடினேன். சுத்தியல் அசையாமல் தொங்கியது. அதன் நிழலில் அட்டை விரித்து ஆட்கள் தூங்கிக்கொண்டிருந்தார்கள். சந்தோஷத்தில் கத்த வேண்டும்போல் இருந்தது. திரும்பினேன். முட்டைக்குப் பக்கத்தில், அதே மேசையில், கேசவன் சார் பெயரோடு என் போன் அதிர்ந்து அதிர்ந்து நகர்ந்துகொண்டிருந்தது.