சொல்லிடியின் பேச்சும் ஷீலா டீச்சரின் கைகளும்

காரைக்குடிக்குச் 'சொல்லிடி' தங்கச்சாமி பேச வருகிறார் என்றால் மூன்று நாளைக்கு முன்பே ஊர் அதைப் பேச ஆரம்பித்துவிடும். அவருடைய கட்சிக்கு ஓட்டுப் போடாதவர்களும் அவர் பேச்சுக்கு வந்து உட்காருவார்கள். ஆரோக்கிய ஷீலாவும் அப்படித்தான். கல்லூரியில் படிக்கும்போது இரண்டு கூட்டங்களுக்குத் தோழிகளோடு போய்த் தொண்டை கட்டும்வரை கத்திவிட்டு வந்தவள். இப்போது காது கேளாத பிள்ளைகளுக்கான பள்ளியில் டீச்சர்.

கட்சியின் நகரச் செயலாளர் அய்யப்பன் ஒரு நாள் பள்ளிக்கூட வாசலில் வந்து நின்றார்.

"டீச்சர், இந்த வாட்டி தலைவர் பேச்சுக்குச் சைகை மொழியில ஆள் போடணும்னு மேலிடத்துல சொல்லிட்டாக. நீங்கதான் வரணும். காது கேக்காதவுக இருபது பேருக்கு முன்வரிசையில நாற்காலி போட்டுத் தாரேன்."

ஷீலா உடனே தலையாட்டிவிட்டாள். சொல்லிடியை மேடைக்குப் பக்கத்தில் நின்று கேட்கலாம் என்ற ஆசைதான் முதல் காரணம். வீட்டுக்குப் போய் அம்மாவிடம் சொன்னபோதுதான் இன்னொரு காரணமும் சேர்ந்துகொண்டது.

அவளுடைய அம்மா சந்தனமேரிக்குப் பிறவியிலேயே காது கேட்காது. அமராவதிபுதூரிலிருந்து தினமும் காரைக்குடிக்கு வந்து ஒரு தையல் கடையில் ரவிக்கை தைக்கிறாள். ஷீலா பேச்சு பழகுவதற்கு முன்பே கையால் பேசப் பழகியது அவளிடம்தான். டிவியில் தங்கச்சாமி பேசுவதைச் சந்தனமேரி பலமுறை பார்த்திருக்கிறாள். கை இப்படி வெட்டுகிறது, கழுத்து நரம்பு புடைக்கிறது, எதிரே உட்கார்ந்திருப்பவர்கள் கண்ணைத் துடைக்கிறார்கள். அப்படி என்னதான் சொல்கிறார் இந்த மனுஷன்? ரொம்ப நாளாக அவளுக்கு அது தெரிந்தாக வேண்டியிருந்தது.

"நான் முதல் நாற்காலி" என்று அம்மா கையால் சொன்னாள்.

சனிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்கெல்லாம் மைதானம் நிறைந்துவிட்டது. மேடைக்கு இடப்பக்கம் உயரமாக ஒரு பலகை போட்டு ஷீலாவை ஏற்றிவிட்டார்கள். அவளுக்கு நேர் எதிரே இருபது பேர். முதல் நாற்காலியில் அம்மா, அடுத்து ஆத்தங்குடியில் தரைக்கல் வேலை செய்யும் அழகு, அவனுக்கு அந்தப் பக்கம் ஷீலாவின் பழைய மாணவி மெர்சி.

தங்கச்சாமி மைக்கைப் பிடித்தார். அரை நிமிடம் ஒன்றும் பேசவில்லை. கூட்டம் தானாக அடங்கியது. பிறகு அடித்தொண்டையிலிருந்து எழுந்தது அந்தக் குரல்.

"கற்றவர் கண்ணயராக் காரைநகரே! கைம்மாறு கருதாத கருணையின் களஞ்சியமே! காலத்தின் கன்னத்தில் கதைசொல்லும் கற்கோட்டைக் கருவூலமே!"

விசில் பறந்தது. ஷீலாவுக்கு முழங்கைவரை புல்லரித்துவிட்டது. தன்னை மறந்து கைதட்டிக்கொண்டிருந்தாள்.

எதிரே அம்மா முறைத்தாள். "நீ ஏன் தட்டுற? என்ன சொன்னாரு?"

ஷீலா அவசரமாகக் கையைத் தூக்கினாள். "ஊருக்கு வணக்கம் சொன்னாரு."

அடுத்த இரண்டு நிமிடமும் ஒரே ஆரவாரம். "இப்ப?" என்றான் அழகு.

"இன்னும் வணக்கம்தான் சொல்றாரு."

ஏமாற்றுகிறோமோ என்று அவளுக்கே உறுத்தியது. ஒரு சொல்லையும் விடாமல் பிடித்துக் கையில் கொண்டுவரப் பார்த்தாள். ஆனால் காதில் விழும்போது வானவேடிக்கையாக இருப்பது கைக்கு வந்ததும் ஒன்றுமில்லாமல் போனது. 'க' வரிசையைக் கையால் எப்படி அடுக்குவது? அந்தக் குரலின் ஏற்ற இறக்கத்தை எந்த விரலில் காட்டுவது? பின்னால் ஐயாயிரம் பேர் மயங்கிக் கிடக்க, முன்னால் இருபது பேர் மட்டும் மருத்துவமனையில் டோக்கனுக்குக் காத்திருப்பவர்கள்போல உட்கார்ந்திருந்தார்கள்.

இருபதாவது நிமிடத்தில் தங்கச்சாமி குரலைத் தாழ்த்தினார். அழுகைக்கு முந்தைய குரல். அது வந்துவிட்டால் பெண்கள் பக்கம் முந்தானை கண்ணுக்குப் போகும் என்று எல்லோருக்கும் தெரியும்.

"பாதை இருந்தும் பயணம் இல்லை, பேருந்துக்காகப் பரிதவித்துப் பல காதம் நடக்கும் என் பாமரத் தாயே! உன் பாதத்தில் படிந்த புழுதியை... என் நெற்றியில்... பூசிக்கொள்கிறேன்!"

மைதானமே விம்மியது. ஷீலா கையில் சொன்னாள். பஸ் இல்லை. அம்மா நடக்கிறாள். காலில் மண். அந்த மண்ணை இவர் எடுத்து நெற்றியில் பூசிக்கொள்கிறார்.

அழகு புருவத்தை உயர்த்தினான். "எதுக்கு? பஸ் விடலாம்ல?"

மெர்சி முதலில் சிரித்தாள். பிறகு இருபது பேரும் சிரித்தார்கள். காது கேளாதவர்களின் சிரிப்புக்குச் சத்தத்தில் அளவு தெரியாது. அந்த விம்மலுக்கு நடுவே அது பளீரென்று கேட்டது.

தங்கச்சாமி நின்றார். முப்பது வருட மேடை வாழ்க்கையில் அந்த இடத்தில் யாரும் சிரித்ததில்லை.

"அங்கே என்ன சிரிப்பு? சொல்லுங்கம்மா, நானும் சிரிக்கிறேன்."

அய்யப்பனின் முகம் சுண்டிப்போனது. ஓடி வந்து ஒரு மைக்கை ஷீலாவின் கையில் திணித்தார். "டீச்சர், பாத்துப் பேசுங்க" என்று கெஞ்சினார்.

அவள் எதிரே பார்த்தாள். இருபது பேரும் ஒரே கேள்வியைக் கையில் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"ஐயா, அது வந்து... பஸ் எப்ப வரும்னு கேக்குறாக."

மைதானத்தின் கடைசியிலிருந்து ஒரு குரல்: "அத நாங்களும்தான்யா கேக்குறோம்!"

கூட்டம் சிரித்தது. தங்கச்சாமி கையை உயர்த்தினார். "காலம் கனியும்! கதவுகள் திறக்கும்! கனவுகள் கைகூடும் நாள்..."

மைக்கைக் கக்கத்தில் இடுக்கியிருந்த ஷீலாவின் கைகள் நெஞ்சுக்கு நேரே தூக்கியபடி அசையாமல் நின்றன. தங்கச்சாமி அந்தக் கைகளைப் பார்த்தார்.

"என்னம்மா நிப்பாட்டிட்டீக?"

"தேதி, கிழமை ஏதாவது சொல்லுங்கய்யா. அப்பத்தான் கையில வரும்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துண்டால் துடைத்தார். மாட்டிக்கொண்டு, இதுவரை மேடையில் யாரும் கேட்டிராத சாதாரணக் குரலில், "எந்த பஸ்ஸு?" என்றார்.

சந்தனமேரி எழுந்து நின்றாள். கை பேச ஆரம்பித்தது. ஷீலா மைக்கை வாயருகே கொண்டுபோய், அம்மாவின் கையைப் பார்த்துப் பார்த்துக் குரலில் சொன்னாள்.

"நான் அமராவதிபுதூர். இங்க ரவிக்கை தைக்கிறேன். ஆறு மணிக்குக் கடை பூட்டிருவாக. ஆறே கால் பஸ்ஸ நிப்பாட்டி மூணு மாசமாச்சு. அடுத்தது ஏழே முக்காலுக்குத்தான். அதுவரைக்கும் ஸ்டாண்டுல உக்காந்திருக்கேன். மத்தவுக கண்ண மூடிக் கொஞ்சம் தூங்குவாக, ஹாரன் கேட்டா எந்திரிப்பாக. எனக்கு ஹாரன் கேக்காது. அதனால கண்ண மூட முடியல."

அவ்வளவுதான். அம்மா உட்கார்ந்துவிட்டாள்.

அப்போது அழகு இரண்டு கைகளையும் தலைக்குமேல் தூக்கி விரல்களை விரித்து ஆட்டினான். அதுதான் அவர்கள் கைதட்டும் முறை. இருபது பேரும் ஆட்டினார்கள். பின்வரிசைக்காரர்களும் என்னவென்று புரியாமலே தூக்கினார்கள். கொஞ்ச நேரத்தில் மைதானம் முழுக்கக் கைகள் ஆடின.

தங்கச்சாமியும் தூக்கி ஆட்டினார்.

"அம்மா, அந்த பஸ்ஸ ஏன் நிப்பாட்டுனாகன்னு எனக்குத் தெரியல" என்றார். "திங்கக்கிழமை விசாரிக்கிறேன். வெள்ளிக்கிழமைக்குள்ள பதில் சொல்றேன். முடியலேன்னா முடியலேன்னு சொல்லிவிடுறேன்."

ஷீலாவின் கைகள் தடையில்லாமல் ஓடின. அம்மா தலையை ஆட்டி, "இப்பப் புரியுது" என்றாள். தலைவருக்குத் தெரியவில்லையாம் என்பதுதான் கூட்டத்துக்குப் பெரிய அதிசயமாக இருந்தது. அன்று விழுந்த கைதட்டலிலேயே பெரியது அதற்குத்தான்.

அதன்பிறகு அவர் கால்மணி நேரம் அதே குரலில் பேசினார். ஒவ்வொரு வாக்கியம் முடிந்ததும் ஷீலாவின் கை முடிகிறதா என்று பார்த்துக்கொண்டார். கூட்டம் அரைமணி முன்னதாகவே கலைந்தது. வாசலில் சுண்டல் வைத்திருந்தவர் மட்டும் முணுமுணுத்தார்.

மேடைக்குப் பின்னால் அய்யப்பன் தலையில் கைவைத்து நின்றார். "சொல்லிடிய ரேடியோ செய்தியாக்கிட்டீகளே டீச்சர்!"

தங்கச்சாமி வந்ததும் அவர் ஒதுங்கிக்கொண்டார். ஷீலா மன்னிப்புக் கேட்க வாயெடுத்தாள். தங்கச்சாமி முந்திக்கொண்டார்.

"இத்தனை வருசமா 'நல்லாப் பேசுனீக'ன்னு சொல்லித்தான் கேட்டிருக்கேன். என்ன பேசுனேன்னு யாரும் திருப்பிச் சொன்னதில்ல. கொஞ்சம் கஷ்டமாத்தான் இருந்துச்சு, பொய் சொல்லல."

"உங்க பேச்சு எனக்கு ரொம்பப் பிடிக்கும்யா. இன்னைக்குக்கூடப் புல்லரிச்சுப்போயி, சைகைய மறந்துட்டுக் கைதட்டிட்டேன்."

அவர் முகம் சட்டென்று மலர்ந்தது. "எந்த இடத்துல?"

"'காலத்தின் கன்னத்தில்'னு சொன்னீகள்ல, அங்க."

"அது நேத்து கார்ல வரும்போது எழுதுனது" என்று சின்னப் பிள்ளைபோலச் சிரித்தார். "அது ஒண்ண மட்டும் வச்சுக்கிறட்டுமா?"

வெள்ளிக்கிழமை மதியம் அய்யப்பன் போன் செய்தார். டிரைவர் பற்றாக்குறையால் நிறுத்தியிருந்தார்களாம். அடுத்த வாரத்திலிருந்து ஆறே கால் பஸ் ஓடும், ஞாயிறு மட்டும் கிடையாது. தங்கச்சாமி சொல்லித்தான் விட்டார்களா, ஏற்கெனவே விட இருந்தார்களா என்று ஷீலாவுக்குத் தெரியாது. சந்தனமேரிக்குச் சந்தேகமே இல்லை. அது அவள் கேட்டு வந்த பஸ்.

அந்த ருசி அவளை விடவில்லை. காரைக்குடியில் எந்தக் கட்சிக்கூட்டம் என்றாலும் மகளை இழுத்துக்கொண்டு கிளம்பினாள். எதிர்க்கட்சிக் கூட்டத்தில் ஒரு பேச்சாளர், முன்வரிசையில் அவளையும் பக்கத்தில் ஷீலாவையும் பார்த்ததும் கையிலிருந்த தாளில் மூன்று பக்கங்களைப் புரட்டித் தள்ளிவிட்டு நேரே குடிதண்ணீருக்கு வந்துவிட்டாராம்.

போன ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து வெளியே வரும்போது அம்மா ஷீலாவின் தோளைத் தட்டினாள். முகத்தில் பெரிய யோசனை.

"இன்னைக்குச் சாமியார் பிரசங்கம் நாப்பது நிமிசம். நீ எனக்குச் சொன்னது நாலே வரி. அவர்கிட்டயும் ஒரு வார்த்த கேட்டுருவமா?"

ஷீலா அம்மாவின் இரண்டு கைகளையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, விடாமல் சைக்கிள் ஸ்டாண்டுவரை கூட்டிப்போனாள்.