மூன்று விரல் உயரம்

“உன் தரையை ஏத்தும்மா!”

“உங்க தரையை இறக்குங்க வைத்தியரே!”

“எங்க தாத்தா போட்ட தரை அது—”

“எங்கப்பா போட்டது மட்டும் என்ன, பாயா? சுருட்டி எடுக்க?”

“நான் சொல்றதைக் கொஞ்சம்...” என்ற மூன்றாவது குரல் நடுவில் நசுங்கிப்போயிற்று. மாநகராட்சியிலிருந்து வந்திருந்த யூச்சிங்குடைய குரல் அது. கையில் சம்மதப் படிவம்.

தைபேயில் எங்கள் பழைய வீதியில் மாடிகள் முன்னால் நீண்டு நடைபாதைக்குக் கூரையாக நிற்கும். நடப்பது ஊரார், தரை மட்டும் கடைக்காரருக்குச் சொந்தம். அவரவர் முன்னோர் அவரவர் இஷ்டத்துக்கு உயர்த்திய தரைகள். எங்கள் வீதிக்காரரை எங்கே பார்த்தாலும் கண்டுபிடித்துவிடலாம். பளிங்குக் கூடத்திலும் ஏழெட்டு அடிக்கு ஒரு தரம் காலைத் தூக்கி வைப்போம்.

அதையெல்லாம் சமமாக்கத்தான் அந்தப் பெண் வந்திருந்தாள். வீதியே கையெழுத்துப் போட்டாயிற்று. மீன் உருண்டை சூப் விற்கும் சியூயேவும், அடுத்த கடையில் சுளுக்கு எடுக்கும் பாங் வைத்தியரும்தான் மீதி. இருவர் தரைக்கும் இடையே மூன்று விரல் உயரம்.

யூச்சிங்கின் ஸ்கூட்டர் வீதிமுனையில் திரும்பியதும் சியூயே ஒரு கிண்ணம் சூப்பை நீட்டினாள். வைத்தியர் தம் தரையில் நின்றபடியே வாங்கிக் குடித்தார்.

“அப்பாவை இழுத்தியே, அது புதுசு. நல்லா இருந்துச்சு.”

“படி போனா நம்ம பொழப்பும் போச்சு. வேற என்ன செய்ய?”

உண்மைதான். புதிதாக வருகிறவர் கைபேசியைப் பார்த்தபடி நடப்பார், தடுக்குவார், சியூயேவின் மேசையைப் பிடித்துக்கொள்வார். முகம் சிவந்து நிற்கும் அந்த நொடியில் அவள் கேட்பாள்: “உக்காருங்க. பெரிய கிண்ணமா, சின்னதா?” மானத்தைக் காப்பாற்றிக்கொள்ள எல்லோரும் பெரியதே கேட்பார்கள். எழும்போது கணுக்கால் வலித்தால் அடுத்த கதவு. செத்துப்போன அவள் புருஷனும் அப்படித் தடுக்கி உட்கார்ந்தவர்தான். முப்பது வருஷம் எழுந்திருக்கவில்லை.

ஐந்தாம் தடவை வந்தபோது யூச்சிங் தூணில் சாய்ந்து சண்டையை ரசித்தாள். “அடுத்து நீங்க தாத்தாவைச் சொல்லணும், ஐயா,” என்றாள்.

பிறகு படிவத்தை மடித்துப் பைக்குள் வைத்தாள்.

“கையெழுத்தே வேணாம். படி அப்படியே இருக்கட்டும். ஆனா படி இருந்தா மஞ்சள் கோடு போடணும், அது விதி. அதுக்கு யார் சம்மதமும் தேவையில்ல.”

படி விளிம்பில் உள்ளங்கை அகலத்துக்குக் கோடு விழுந்தது. குருடனுக்கும் தெரியும்போல அப்படியொரு மஞ்சள்.

ஒரு வாரம் ஒருவருக்கும் கால் தடுக்கவில்லை. கோட்டைப் பார்த்தார்கள், காலைத் தூக்கினார்கள், போய்விட்டார்கள்.

“கடையை மூடிட்டு மக வீட்டுக்குப் போயிடலாம்னு இருக்கேன்,” என்றாள் சியூயே.

“பைத்தியமா உனக்கு? எனக்கு யாரு சூப் குடுப்பா?”

“என்னிக்காவது இங்க உக்காந்து குடிச்சிருக்கீங்களா? கொக்கு மாதிரி அங்கயே நின்னுட்டு!”

“உன் மேசையில நான் உக்காந்தா வீதி பேசும்.”

“பேசாம இருக்கறப்ப மட்டும் வீதி என்ன குடுத்துச்சு?”

மறுநாள் காலை, மஞ்சள் கோட்டை மூடித் தடித்த கால்மிதி ஒன்று கிடந்தது. “மழைக்காலம், கால் துடைக்க,” என்று யாரும் கேட்கும் முன்பே சியூயே அறிவித்தாள்.

பத்து மணிக்கு வைத்தியர் முந்தின நாள் கிண்ணத்தைத் திருப்பிக் கொடுக்க வந்தார். மூன்று விரல் உயரத்தை அறுபது வருஷமாக அறிந்த கால், நான்காவது விரலை எதிர்பார்க்கவில்லை. கிண்ணம் உருண்டு வீதிவரை ஓடியது. வைத்தியர் இரண்டு கையாலும் மேசையைப் பிடித்துக்கொண்டார். எதிர்ச்சாரியே திரும்பிப் பார்த்தது. என் பொத்தான் கடையிலிருந்து நானும்தான். காது நுனிவரை அவருக்குச் சிவந்துபோயிற்று.

சியூயே கரண்டியைக் கீழே வைக்கவில்லை.

“உக்காருங்க வைத்தியரே. பெரிய கிண்ணமா, சின்னதா?”