முந்திக்கொண்ட ஸ்தோத்திரக் காணிக்கை

2026 பிப்ரவரி எட்டாம் தேதி, ஞாயிறு காலை ஆராதனையில், பாளையங்கோட்டைச் சபை ஒன்றில் ஸ்தோத்திரக் காணிக்கைகள் வாசிக்கப்பட்டன. இன்னும் இரண்டு மூன்று பேர், அப்புறம் தன் பெயர்தான், டார்லினுக்குத் தெரியும், அப்பா வியாழக்கிழமையே கவரைக் கொடுத்துவிட்டார், மகள் இந்திய ஹாக்கி அணிக்குத் தேர்வானதற்காக என்று மேலே எழுதி... அவள் ஆடும் லீக் அணி அவளை விடுமா என்று ஒரு வார்த்தை கேட்டாரா, எப்படிக் கேட்பார், இந்தியா கூப்பிட்டால் எவன் மாட்டேன் என்பான், அவளும்தானே அப்படி நினைத்தாள், நேற்றுச் சாயங்காலம் லீக் அணி மேனேஜர் தாணுமாலையன் போன் பண்ணுகிறவரைக்கும். சீசன் நடுவில் விட முடியாதும்மா என்றார், மெயின் கீப்பருக்கு முட்டு போச்சுன்னா நான் யாரக் கொண்டு நிறுத்துவேன், நீயே சொல்லு. மெயின் கீப்பர் ஹாலந்துக்காரி, அவள் முட்டுக்கு ஒன்றும் ஆகாது, இந்த சீசனில் டார்லின் ஒரு நிமிஷம்கூட கோல் முன்னால் நிற்கவில்லை, பெஞ்சில் உட்கார்ந்து தண்ணீர் பாட்டிலை நீட்டுவதற்கு ஒரு ஆள் வேண்டும், அதற்குத்தான் விட முடியாதாம்... போன வருஷம் அவளுக்கே முட்டில் ஜவ்வு கிழிந்தபோது ஆபரேஷனுக்குக் கட்டியது அந்த அணிதான், தேசிய அணியிலிருந்து எப்படி இருக்கிறாய் என்று ஒரு போன் கிடையாது, தாணுமாலையன் சார் அதைச் சொல்லிக் காட்டவில்லை, சொல்லிக் காட்டியிருந்தால் கோபமாவது முழுசாக வந்திருக்கும். நாடு கூப்பிட்டால் விட்டே ஆகவேண்டும் என்று ஒரு விதி போட்டால் என்ன... போட்டால் அப்புறம் எந்த அணி இந்தியக் கீப்பரை எடுக்கும், ஹாலந்துக்காரி மாதிரி சொந்த நாட்டுக்கு ஆடி ஓய்ந்தவர்களையே எடுப்பார்கள், பெஞ்சும் கிடைக்காது.

பக்கத்தில் கிரேஸ் அத்தை தொடையில் இடித்தாள், ஏட்டி, டிவியில அந்தத் தலைக்கூட்டைக் கொஞ்சம் கழத்திக் காட்டு, மூஞ்சி தெரியாண்டாமா, ஒனக்கு மாப்பிள்ளை பாக்க வேண்டாமா. கீப்பர் ஹெல்மெட்டைத்தான் சொல்கிறாள். முன்வரிசையில் இரண்டு பேர் திரும்பிச் சிரித்தார்கள், டார்லினும் சிரித்தாள், சிரிக்காமல் என்ன செய்ய. ஆண்கள் பக்கம் அப்பா நேரே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார், இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, ராத்திரியே அவரிடம் சொல்லியாயிற்று, வாசிக்க வேண்டாம்னு சொல்லிருங்கப்பா என்று. படைச்சதத் திருப்பிக் கேக்க முடியுமாட்டி என்றார் அவர், பேசாம பொட்டியத் தூக்கிட்டு கெளம்பு, என்ன செஞ்சிருவானுவ பாப்போம். செய்வார்கள், ஒப்பந்தத்தை மீறினால் லீக்கில் தடை, இருபத்தாறு வயசில் தடை என்றால் கதை முடிந்தது, அது அவருக்கு ஏன் புரியவில்லை, புரிந்துதான் பேசுகிறாரா... காலையில் உவரியிலிருந்து ரெனிஷா வேறு, ஜூனியர் அணிப் பிள்ளை, அவளும் கீப்பர்தான், போன் பண்ணினாள், அக்கா, ஒங்களுக்குப் பதிலா என்னக் கூப்புட்டுருக்காவ, போவட்டுமாக்கா? போயிட்டு வாட்டி, நல்லா நில்லு என்று சொல்லிவிட்டாள், அவ்வளவு சுலபமாக எப்படி வாயில் வந்தது என்று போனை வைத்த பிறகும் தெரியவில்லை.

பெயர் வாசித்தாயிற்று. காணிக்கை கொடுத்த குடும்பம் முன்னால் போய் முழங்காலிட வேண்டும், குருவானவர் தலையில் கைவைத்து ஜெபிப்பார், அதுதான் வழக்கம், அப்பா எழுந்துவிட்டார், அவளும் எழுந்தாள், நடுவழியில் நடக்கும்போது ஆபரேஷன் பண்ணிய முட்டு லேசாக வலித்தது, முழங்காலிட்டாள், தலைமேல் கை வருவதற்குள் சொல்லியாக வேண்டும், பொய்க்கு எப்படி ஆமென் சொல்ல, சொன்னாள், மிகவும் தாழ்ந்த குரலில்.

“ஐயா, நான் போகல. லீக்ல விட மாட்டேன்னுட்டாவ.”

அப்பாவின் முழங்கை அவள் விலாவில் பட்டது. குருவானவர் குனிந்தார்.

“அப்பம் என்னன்னு ஜெபிக்கம்மா?”

“தெரியல ஐயா.”

குருவானவர் நிமிர்ந்து அவள் தலையில் கையை வைத்தார், தேசத்துக்காக விளையாடப் போகிற எல்லாப் பிள்ளைகளுக்காகவும் என்று தொடங்கினார், கர்த்தாவே, அந்த இடத்தில் நிற்கப்போகிற மகளைப் பெலப்படுத்தும், அவள் கைகளைத் தளரவிடாதேயும் என்று முடித்தார், நல்ல ஜெபம், நியாயமான ஜெபம், சபை முழுக்க ஆமென் என்றது, அப்பாவும் சொன்னார், பக்கத்தில் சத்தமாகவே. டார்லின் வாயைத் திறந்தாள்... ஆமென் வரவில்லை. லீக் மேல் கோபம், சரி, அப்பா மேலும் சரி, போன் பண்ணாதவர்கள் மேலும் சரி, அந்தப் பிள்ளை ரெனிஷா என்ன செய்தது, அவள் கோல் விடட்டும் என்றா இருக்கிறது எனக்குள், காலையில் அவள் போன் வந்ததிலிருந்தே அதுதான் இருந்ததா...

செவ்வாய்க்கிழமை ரெனிஷா பெங்களூரு முகாமில் சேர்ந்தாள். வியாழக்கிழமை லீக் ஆட்டத்தில் டார்லின் பெஞ்சில் இருந்தாள். ஹாலந்துக்காரி முழு ஆட்டமும் நின்றாள்.