உப்புத் தண்ணீர் காணாத சீற்

என் கணவர் ஜொய்சனுக்குப் பழைய சைக்கிள் என்றால் பைத்தியம். மனைவியின் பிறந்தநாள் மறந்துபோகும், எந்த வருடத்து ரலி சைக்கிளுக்கு எந்த மணி என்பது மறக்காது. நாட்டில் சண்டை முடிந்து ஒரு மாதம் இருக்கும். காத்தான்குடி முத்தலிப் நானாவின் பழைய இரும்புக் கடையிலிருந்து சைக்கிளில் ஆள் இருக்கிற தோல் சீற் ஒன்றைக் கைப்பிள்ளையை ஏந்துவதுபோல ஏந்திக்கொண்டு வந்தார். காய்ந்து சுருண்டு, செத்த எருமையின் காது மாதிரி இருந்தது அது.

“இங்கிலாந்துச் சாமான் புள்ள. பக்கத்தில எழுத்துத் தெரியிது பார்.”

“அந்த எழுத்த வச்சுக் கறி சமைக்கலாமா?” என்றேன்.

மனிதர் அசையவில்லை. ஈரத்துணியால் துடைத்து நிழலில் உலர்த்தினார். தேன்மெழுகையும் ஆட்டுக்கொழுப்பையும் உருக்கி விரலால் தேய்த்தார். சீற்றின் மூக்குக்கு அடியில் இருந்த நட்டைச் சாவி போட்டுக் கொஞ்சங் கொஞ்சமாக இறுக்க, தொய்ந்து கிடந்த தோல் எழுந்தது. ஒரு கிழமையில் புளியங்கொட்டை நிறத்தில் மினுங்கத் தொடங்கிவிட்டது. ஒரேயொரு குறை, வலப்பக்கம் ஆழமாகக் குழிந்திருந்தது. இடப்பக்கம் குழியே இல்லை.

“ஒருபக்கம் சாஞ்சே ஓடியிருக்கான் மடையன்” என்று சலித்துக்கொண்டார். “ஆனா நல்லாத்தான் வச்சிருந்திருக்கான். செம்பு ஆணியில களிம்பு இல்ல, ஸ்பிரிங்கில துரு இல்ல. இந்தச் சீற் ஒருநாளும் உப்புத் தண்ணி காணல்ல. முத்தலிப் நானாட கடையில நிண்ட எல்லாருக்கும் சொன்னன், ஒருத்தனும் நம்புறானில்ல.”

மீன் வெட்டிய கையைக் கழுவிவிட்டு வந்து, சும்மா அந்தக் குழிக்குள் உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன். அந்தச் சாய்வு எனக்குத் தெரிந்த சாய்வு.

என் தம்பி அருளப்பு சின்ன வயதில் மாமரத்தால் விழுந்து இடுப்பு முறிந்தவன். கோயிலில் வாங்குப் பலகையில் இருந்தாலும் சைக்கிளில் இருந்தாலும் வலப்பக்கம் சாய்ந்துதான் இருப்பான். சீற்றைப் புரட்டினேன். கிழிந்த ஓரம் ஒன்றை வலைநூலால் தைத்திருந்தது. கோணல்மாணலான அந்தத் தையல் என்னுடையது.

நாலரை வருடத்துக்கு முன் சுனாமி வந்த காலையில் அருளப்பு இந்தச் சீற் பூட்டிய சைக்கிளில்தான் கடற்கரைப் பக்கம் போனான். “சைக்கிளோடயே அலை அள்ளிட்டுப் போச்சு அக்கா, என்ட கண்ணால கண்டன்” என்று வந்து அழுதவன் அவனுடைய கூட்டாளி சிவதர்ஷன். உடல் கிடைக்கவில்லை. அன்றைக்கு எத்தனை பேருக்குக் கிடைத்தது? இயக்கம் இரண்டாக உடைந்து ஆளை ஆள் சுடத் தேடித் திரிந்த வருடம் அது. கடல் கொண்டுபோனது என்றால் வாய்விட்டு அழலாம், யாரையும் கேள்வி கேட்கத் தேவையில்லை. வெறுங்குழிக்குச் சிலுவை நட்டோம். கடைசியாகத் தம்பியைக் கண்டவன் என்ற பாசத்தில் ஞாயிறு தோறும் சிவதர்ஷனுக்குச் சோறு போட்டேன். மீனில் நடுத்துண்டு அவனுக்குத்தான். அவன் உடைந்த ஒரு பக்கத்தோடு சேர்ந்து துவக்கோடு திரிந்தபோதும் போட்டேன், துவக்கைச் சட்டைக்குள் மறைத்துக்கொண்டு திரிந்தபோதும் போட்டேன்.

ஜொய்சனிடம் சொன்னேன். சொன்ன கையோடு காத்தான்குடிக்கு ஓடியவர், திரும்பி வந்தபோது முகத்தில் இரத்தமே இல்லை.

“சிவதர்ஷன்ட ஆக்கள் கேம்பைக் காலி பண்ணேக்க வித்த சாமானாம். நேத்து அவனே கடைக்கு வந்தானாம். உப்புத் தண்ணி காணாத சீற் எண்டு கதைச்சுத் திரியிறது ஆரெண்டு கேட்டிருக்கான். நானா பயத்தில என்ட பேரச் சொல்லிட்டார்.”

வேலியில் போன ஓணானைப் பிடித்து மடியில் கட்டிய கதை. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. ஆனால் அவரைத் திட்டி என்ன, மகள் சுலக்ஷனா முற்றத்தில் சைக்கிளை உருட்டிக்கொண்டு வகுப்புக்குப் புறப்பட்டு நின்றாள்.

“சீற்ற வாவிக்குள்ள எறிஞ்சிருவம்” என்றார்.

“எறிஞ்சா, ஏன் எறிஞ்ச எண்டு கேப்பான்.”

வாளியை எடுத்துக்கொண்டு கடலுக்குப் போய்த் தண்ணீர் மொண்டு வந்தேன். சீற்றை அதில் அமிழ்த்தினேன். ஊறியதை எடுத்து வெயில் காய்ந்த தகரத்தில் போட்டேன். திரும்பவும் அமிழ்த்தினேன், திரும்பவும் காயப்போட்டேன். செம்பு ஆணிகளில் உப்பையும் தேசிக்காய்ப் புளியையும் தேய்த்தேன். ஞாயிற்றுக்கிழமைக்குள் ஆணி பச்சை பிடித்தது, தோல் வெடித்தது, உப்புப் பூத்தது. தம்பி சாய்ந்திருந்த குழி சுருங்கி அடையாளம் தெரியாமல் போனதைக் கண்டபோது மட்டும் தாங்க முடியவில்லை. அடுப்படிக்குள் போய் வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன்.

“இத அவன் நம்புவானா?” என்று ஜொய்சன் கேட்டார்.

“அவன் நம்பத் தேவல்ல. நாம நம்புறம் எண்டு அவனுக்குத் தெரிஞ்சாக் காணும்.”

சிவதர்ஷன் வழமைபோலப் பூசை முடிகிற நேரத்துக்கு வந்தான். நடுத்துண்டைப் போட்டேன். பாதிச் சோற்றில் தலையை நிமிர்த்தினான்.

“அத்தான் ஏதோ சீற் திருத்துறாராமே. உப்புத் தண்ணியே காணாததாம்?”

“அவருக்கு என்ன தெரியும் தம்பி” என்றபடி சீற்றைக் கொண்டுவந்து அவன் முன்னால் வைத்தேன். “அருளப்புட சீற். பாருங்க, எவ்வளவு உப்பெண்டு. இவ்வளவு காலமும் கடல்ல கிடந்திருக்கு.”

அவன் இடதுகை விரலால் தோலைத் தொட்டு, அந்த விரலை நாக்கில் வைத்துப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். நானும் பார்த்தேன். கண்ணைத் தாழ்த்தாமல் நின்றதற்கு எனக்கு எங்கிருந்து பலம் வந்ததோ தெரியாது.

“ஓம் அக்கா” என்றான். “கடல்தான்.”

மிச்சச் சோற்றையும் அவசரப்படாமல் ஆறுதலாகச் சாப்பிட்டு முடித்தான். கை கழுவும்போது, “சுலக்ஷனா இப்பவும் களுவாஞ்சிகுடிக்குத்தானே கிளாசுக்குப் போறா?” என்று கேட்டான்.

“ஓம் தம்பி.”

“போகட்டும், போகட்டும். நல்லாப் படிக்கட்டும்.”

அவன் மோட்டார் சைக்கிள் சத்தம் றோட்டில் அடங்கியது. தம்பியைக் கொன்றவன் கைகழுவ நானே செம்பில் தண்ணீர் வார்த்திருந்தேன். ஜொய்சன் மெழுகுத் தகரப் பேணியையும் ஈரத்துணியையும் எடுத்துக்கொண்டு சீற்றுக்குப் பக்கத்தில் குந்தினார்.

“துடைக்காதீங்க” என்றேன். “வாற ஞாயிறும் சாப்பிட வருவான்.”